ஓடை கொழும்புக்கு, ரோட்டு எங்களுக்கு

நுவரெலியாப் பக்கம் தை பிறந்தால் மரக்கறி செய்பவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று பனி, மற்றது தண்ணீர். மேகமில்லாத இரவில் காற்றும் அடங்கிவிட்டால் விடியப்புறம் உருளைக்கிழங்கு இலை முழுவதும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறுமுன் அதைக் கழுவிவிட வேண்டும். விட்டால் இலை கறுத்துத் தொங்கும். விதைக்கிழங்குக் காசு, உரக் காசு எல்லாம் அதோடு போயிற்று. கழுவுவதென்றால் நாலு, நாலரைக்கு எழும்பி, ஓடைக்கரையில் இருக்கிற மோட்டாரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடப்பது. மழை இல்லாத அதே மாதங்களில்தான் ஓடையும் மெலிந்து கிடக்கும். பனிக்கும் பயிருக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய்க்கும் அந்த ஒரே ஓடைதான்.

2018 பெப்ரவரித் தேர்தலில் தெரிவாகி, 2023 மார்ச்சில் சபைகள் கலையும்வரை இந்தப் பகுதிப் பிரதேச சபை ஒன்றில் உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் மரக்கறிதான் தொழில். லீக்ஸ், கரட், கொஞ்சம் கிழங்கு. 2022 ஆரம்பத்தில், நல்ல வறட்சிக்குள், மேலிடத்து அலுவலகம் ஒன்றிலிருந்து எங்கள் ஓடையைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. ஓடை ஒதுக்கத்துக்குள், அதாவது ஓடைக்காகக் கரையோரம் விட்டுவைக்க வேண்டிய நிலத்துக்குள், இருக்கும் மோட்டார், பைப், பயிர் அனைத்தையும் 14 நாளுக்குள் அகற்ற வேண்டும். அனுமதி உள்ளவர்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரை மட்டும் தண்ணீர் எடுக்கலாம். வீட்டுக்கு வீடு கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் எடுத்துக்கொண்டார்கள். கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது.

இதே மாதிரிக் கடிதம் வேறு பிரதேசங்களிலும் யாராவது கையில் இருக்கும். ஒரு சின்னச் சபையால் இதில் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று தெரிந்தால் அவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஓடையைச் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்கு மேலே இருக்கிற காட்டில் ஊறி வருகிறது. முதலில் தோட்டத்து லயங்களுக்குத் தண்ணீர் போகும் சிமெண்டு டேங்கி. அப்புறம் மரக்கறி செய்யும் காணித் துண்டுகள். பாதி எங்கள் ஆட்கள் செய்வது, பாதி சிங்களக் கிராமத்தார் செய்வது. அதற்கும் கீழே கிராமத்துக் குழாய்த் திட்டம் ஒன்று. பிறகு நானு ஓயாவில் சேர்ந்து, கொத்மலை ஓயாவுக்குப் போய், தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் நிலையத்துக்கான அணையில் தேங்கி, கடைசியில் மகாவலி. அதாவது பெண்கள் குடம் வைத்துப் பிடிக்கிற தண்ணீர், மாகாணம் தாண்டி ஓடுகிற நாட்டின் மிக நீளமான ஆற்றுத் தண்ணீரும்தான். இந்த ஒரு விஷயத்தில்தான் சட்டச் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

கடிதம் வந்த அன்று பின்னேரமே வீட்டு வாசலில் ஆட்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "மெம்பர், தண்ணிக்கு வரி போடப் போறாங்களாமே, மெய்தானா?" கடிதத்தில் வரி என்ற பேச்சே இல்லை. ஆனால் அவர் கேட்டதில் ஞாயம் உண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் தேசிய நீர்வளக் கொள்கை என்று ஒன்று வந்தபோது, தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்று நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி அது கிடப்புக்குப் போனது. 2003இல் நீர்ச் சேவைகள் சட்டமூலம் ஒன்று வந்தது. மாகாண சபைகளிடம் கேட்காமல் அதைக் கொண்டுவர முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியதால் அதுவும் நின்றது. இதெல்லாம் பெயர் தெரியாவிட்டாலும் ஆட்களுக்கு மனதில் இருக்கிறது. போதாததற்கு 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தை நிறுத்தி, அந்த நவம்பரிலேயே திருப்பி எடுத்தார்கள். அந்த இடைவெளியில் நட்டப்பட்டவனிடம் போய் "சட்டம் வந்திருக்கிறது" என்றால் எப்படிக் கேட்பான்? பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் பாயத் தொடங்கிக் கிணறுகள் வற்றிய கதையும் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் எடுத்தால் அபிவிருத்தி, நாங்கள் எடுத்தால் குற்றமா என்று ஒரு தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மேலிடம் சும்மா கடிதம் எழுதவில்லை. புகார் கொடுத்தது லயத்து ஆட்கள். மேலே சிலர் டேங்கிக்கும் மேலாகப் போய்ப் பைப் போட்டதால் விடியக்காலையில் லயத்துக் குழாயில் காற்றுத்தான் வந்தது. பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க, போகுமுன் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டிய நேரம் அது. தண்ணீர் எடுத்தவனும் எங்கள் ஆள், இழந்தவளும் எங்கள் ஆள். இதைச் சபையில் சொன்னது நான் இல்லை, எங்கள் பெண் உறுப்பினர் ஒருவர். 2018 தேர்தலில்தான் முதன்முதல் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது. அது வந்திராவிட்டால் அந்தக் கூட்டத்தில் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசியிருப்போம். "மோட்டாருக்கு மெம்பர்மார் இருக்கீங்க, குடத்துக்கு யாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. கண்டியில் இருக்கிற மாகாண அலுவலகத்துக்கும் அனுப்பினோம், கொழும்புக்கும் அனுப்பினோம். கிடைத்தது என்றால் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்ற இரண்டு வரி. கண்டனத் தீர்மானத்தால் பிரயோசனமே இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால் ஒரு கோவை (பைல்) திறக்கப்பட்டது, அதற்கு ஓர் இலக்கம் வந்தது. பிறகு நாங்கள் எழுதிய எல்லாக் கடிதத்திலும் மேலே அந்த இலக்கத்தைப் போட முடிந்தது. இலக்கம் இல்லாத கடிதத்தை யாரும் தேட மாட்டார்கள். ஆனால் பத்திரிகையில் படத்தோடு வந்ததும் வேலை முடிந்தது என்று பல சபைகள் அதோடு விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சபைச் செயலாளர் சொன்னதுதான் எங்களுக்கு வழி காட்டியது. "மெம்பர், ஓடை நம்ம சப்ஜெக்ட் இல்ல. ரோட்டு நம்ம சப்ஜெக்ட். அதுல ஏதும் செய்ய ஏலுமான்னு பாருங்க."

அவர் சொன்னது சட்டப்படி சரி. பொது ஓடைகளில் ஓடும் தண்ணீரின் பாவனையும் கட்டுப்பாடும் 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டப்படி அரசிடம்தான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளைக் கொடுக்கவில்லை. எங்கள் ஓடை மகாவலிக்குப் போகிறதால் அது கொழும்பின் பக்கம். அதே 1987இல் வந்த 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் எங்களுக்குக் கொடுத்தது பொதுச் சுகாதாரம், பொதுவான சேவைகள், வீதிகள். உபவிதி, அதாவது சபையே எழுதும் சட்டவிதி, போடலாம் என்று ஓர் உறுப்பினர் நின்றார். உபவிதிக்கு மாகாணத்தின் அங்கீகாரம் வேண்டும். மத்திய மாகாண சபையோ 2018 ஒக்டோபரோடு காலம் முடிந்து, அதற்குப் பிறகு தேர்தலே இல்லாமல் ஆளுநர் கையில் இருந்தது. அங்கீகாரம் வந்தாலும் ஓடைத் தண்ணீரைப் பற்றி நாங்கள் விதி எழுதினால் முதல் வழக்கிலேயே விழும். அந்தப் பக்கம் போகாமல் விட்டது நல்லது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், எத்தனையோ பேர் இதில் அலைந்திருக்கிறார்கள். பிரதேச சபை நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிற சபை. பிரதேச செயலகம் அரசாங்கத்து அலுவலகம். காணி, ஒதுக்கம், ஓடை, அனுமதி எல்லாம் செயலகத்துப் பக்கம். ரோட்டு, வடிகான், குழாய், லைட் எல்லாம் சபைப் பக்கம். மண் அரிப்பு என்றால் 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம், அது விவசாயத் திணைக்களத்தின் வேலை. குழாய்க்கிணறு அடிப்பதென்றால் நீர்வளச் சபை. கமக்காரர் அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கம், என்றால் கமநல சேவை நிலையம். ஆற்றுக்கு மகாவலி அதிகாரசபை. தண்ணீருக்கு இந்த நாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் என்று நீர்த்துறை அறிக்கைகளில் எழுதுவார்கள். கேட்டால் நம்ப முடியாது, ஆனால் ஒரு மோட்டாருக்காக அலைந்து பார்த்தால் நம்புவீர்கள்.

அதனால் கடிதம் கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இது? எங்கள் கடிதத்தில் அது இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இரண்டு விஷயம் கேட்டோம். எந்தப் பிரிவு என்பது ஒன்று. ஒதுக்கத்தின் எல்லை எந்த அளவைப் படத்தில் இருக்கிறது என்பது மற்றது. இரண்டாவதுக்குப் பதில் வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஓடையின் ஒரு பகுதிக்குத்தான் அளந்த எல்லை இருந்தது. மற்றப் பகுதிக்குக் கண்மதிப்பு. அளக்காத இடத்தில் பயிரைப் பிடுங்கச் சொல்ல முடியாது என்று அவர்களே இறங்கி வந்தார்கள். அளந்த பகுதியில் இருந்தவர்கள் கரையை விட்டு ஏறத்தான் வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. கரை ஓரம் வரை கரட் போட்டால் முதல் மழைக்கே மண் ஓடைக்குள் வந்துவிடும் என்பது அந்தப் பாத்திக்காரருக்கே தெரியும்.

தமிழ்ப் பிரதியும் அப்போதுதான் கேட்டோம். எங்கள் செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகத்துக்குப் பிரகடனம் ஆனது. தமிழில் தரும்படி எழுதிக் கேட்டு, அது வந்த நாளிலிருந்துதான் 14 நாளை எண்ண வேண்டும் என்றும் எழுதினோம். சண்டை போடாமல் கிடைத்த கால அவகாசம் அது. வாய்ப்பேச்சில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அந்த அவகாசத்தில் ஓடையை அளந்தோம். இது பெரிய விஞ்ஞானம் இல்லை. டேங்கிக்குக் கீழே ஓடை குறுகிற இடத்தில் மண்மூட்டை வைத்து மறித்து, தண்ணீர் முழுதும் ஒரு பைப் வழியாக மட்டும் விழும்படி பண்ணி, அதற்கடியில் 20 லீட்டர் வாளி. போனில் நேரம் பார்ப்பது. கடும் வறட்சியில் வாளி நிரம்ப நாலு விநாடி எடுத்தது. அதாவது விநாடிக்கு 5 லீட்டர், நிமிடத்துக்கு 300. இரண்டு அங்குல மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 500, 600 லீட்டர் என்று போட்டிருக்கும். மேட்டுக்கு இழுக்கும்போது அது நன்றாகக் குறையும்தான். இருந்தாலும் ஒரு மோட்டார் ஓடினால் ஓடை முடிந்தது, இரண்டு ஓடினால் இரண்டாவது சேற்றைத்தான் இழுக்கும். ஓடைக்கரையில் வரிசையாக இருந்த மோட்டார்க்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று அந்த வாளியைப் பார்த்தார்கள். எத்தனை கூட்டம் வைத்துப் பேசினாலும் வராத அமைதி அன்று வந்தது. "அப்ப முறை வைக்கத்தான் வேணும்" என்று முதலில் சொன்னது கிராமத்துச் சிங்களவர் ஒருவர். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

இனி ரோட்டுக் கதை. மோட்டார் ஓடைக்கரையில், துண்டுகள் பெரும்பாலும் ரோட்டுக்கு மேல் பக்கம். அதனால் ஏறக்குறைய எல்லா ஹோஸும் சபை ரோட்டைக் குறுக்கறுத்துத்தான் போக வேண்டும். லொறி ஏறி வெடிக்காமல் இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள்காரன் இரவில் அதில் மோதி விழுவான். ரோட்டைக் குறுக்கறுத்துப் பைப் போடுவதற்குச் சபையிடம் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். இது எங்கள் அதிகாரத்துக்குள் வருவது, யாரும் கேள்வி கேட்க முடியாது. சில இடங்களில் சபைச் செலவில் ரோட்டுக்கடியில் ஹியூம் பைப் (கொங்கிறீட் குழாய்) புதைத்து, இனி ஹோஸ் அதற்குள்ளால் மட்டும்தான் போகலாம் என்றோம். ஒவ்வொரு ஹோஸுக்கும் மஞ்சள் பெயின்ற் அடித்த தகரத் துண்டில் ஓர் இலக்கம். சபைக் கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே பெயர், மோட்டாரின் அளவு, துண்டு எங்கே, எந்த முறை. மோட்டார்களை மேலிடம் எண்ணுமுன் நாங்களே எண்ணி வைத்துவிட்டோம்.

கட்டணம் வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள், சபைக்கும் காசு தேவைதான். ஒரு சதமும் வாங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். பத்து ரூபாய் வாங்கியிருந்தாலும் தண்ணீர் வரி வந்துவிட்டது என்று ஊர் முழுக்கப் போயிருக்கும், ஒருவரும் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். இலவசம் என்றதால் மறைத்து வைத்திருந்த மோட்டாரும் வெளியே வந்தது.

முறை வைப்பது சுலபமாகத் தெரியும். மேல் பக்கத்தார் ஒற்றைத் திகதி, கீழ்ப் பக்கத்தார் இரட்டைத் திகதி, டேங்கி நிரம்பும்வரை காலையில் யாரும் எடுக்கக் கூடாது. எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஜனவரி 31 வந்தது, அடுத்த நாள் பெப்ரவரி 1. இரண்டும் ஒற்றை. மேல் பக்கத்தார் இரண்டு நாளும் இறைத்தார்கள், கீழே சண்டை. அப்புறம்தான் 31ஆம் திகதி யாருக்கும் இல்லை, அன்று டேங்கி கழுவுகிற நாள் என்று ஒரு வரி சேர்த்தோம். முறைக்கொப்பி எழுதுகிறவர்கள் கலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. டேங்கிக்கு மேலே பூச்சிமருந்து டேங்க் கழுவக் கூடாது என்ற வரியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லிச் சேர்த்தோம். அதற்கு ஒருவரும் தர்க்கம் பண்ணவில்லை, குடிக்கிற தண்ணீர் அல்லவா.

இதெல்லாம் ஆன பிறகும் 6 மணிக் கட்டுப்பாடு அப்படியே இருந்தது. பகலில் மட்டும் தண்ணீர் எடு என்பது கொழும்பிலிருந்து பார்த்தால் ஞாயம்தான். இரவில் திருட்டுத்தனமாக இழுப்பது குறையும். பனியில் கழுவ வேண்டிய நேரம் விடியுமுன் என்பது அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கடிதம் எழுதிப் புரியவைக்க முடியாத விஷயம் என்று பட்டதால் அதிகாரிகளை விடியப்புறம் வரச் சொல்லிக் கேட்டோம். விவசாயப் போதனாசிரியரும் கூட வந்தார். ஐந்து மணிக்குத் தொப்பி, மப்ளர், கையில் டோர்ச்சோடு மூன்று பேர் வரப்பில் நின்றார்கள். புல் வெள்ளையாக இருந்தது, மிதித்தால் சத்தம் கேட்டது. ஒரு பாத்தியில் இரண்டு வரிசையைக் கழுவாமல் வேண்டுமென்றே விட்டிருந்தோம். ஒரு மணிநேரம் நின்றவர்கள் டீ குடித்துவிட்டு வெயில் ஏறும்வரை இருந்தார்கள். கழுவிய வரிசை பச்சையாக நின்றது. விட்ட வரிசை நீர் கோத்துச் சோர்ந்து, பிறகு நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கியது. அதிகாரிகளில் ஒருவர் அந்த இலையைப் பிடுங்கிக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

விலக்குத் தர அவர்களுக்கு மனம் வந்துவிட்டது, ஆனால் பனி வரும் என்று யார் சொல்வது? மெம்பர் சொன்னால் போதுமா, ஒவ்வொருவரும் தன் துண்டில் பனி என்று சொன்னால் என்ன செய்வது? இதில்தான் கொஞ்சம் மூளை வேலை செய்தது. வளிமண்டலவியல் திணைக்களம் தினசரி அறிக்கையில் நுவரெலியா மாவட்டத்தில் சில இடங்களில் அதிகாலையில் உறைபனி எதிர்பார்க்கப்படுவதாகப் போடும். அந்த வரி வருகிற நாட்களில் மட்டும் 4 மணி முதல் கழுவலாம், பாய்ச்சக் கூடாது என்று கேட்டோம். அரசாங்கத்து அறிக்கையை அரசாங்கத்து அலுவலகம் எப்படி மறுக்கும்? விலக்குக் கடிதம் வந்தது. ஓர் ஆண்டுக்கு மட்டும். கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலக்குக் கேட்டால் அதற்கு எல்லையையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர்களிடமே இருக்கிற ஒரு கடதாசியில் அதைக் கட்டிப் போடுங்கள்.

லயத்துப் பக்கம் வேலை வேறு மாதிரி. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க நீண்ட காலம் தடையாக இருந்தது. வாக்குப் போடுவது லயத்தார், சபைக்கு வருவது லயத்தார், ஆனால் லயத்துக்கு ஒரு பைப் போடச் சபைக்கு முடியாது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை வைத்துத்தான் பழைய சிமெண்டு டேங்கிக்குப் பக்கத்தில் 1000 லீட்டர் பிளாஸ்ரிக் டேங்கிகள் வைத்து, டேங்கிக்கு மேலே யாரும் பைப் போட முடியாதபடி ஊற்றுக்கண்ணைக் கட்டினோம். இரவு முழுதும் நிரம்பும் தண்ணீர் காலையில் போதும் என்றானதும் புகாரும் நின்றது. அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் தேவைப்பட்டது. காணி அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் 53 வருடக் குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் கையெழுத்து இல்லாமல் சபை ஒரு கல்லும் வைக்க முடியாது. தோட்டத்து மனேஜரான துரையைப் பார்க்கப் போகும்போது சபையின் தீர்மானப் பிரதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை இரண்டையும் கொண்டு போனோம். தொழிற்சங்கத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். அவர்கள் வந்தால் பேச்சு சம்பளத்துக்குப் போயிருக்கும். அந்தக் கணக்கு வேறு.

இடையில் ஒரு வேடிக்கை. 2022 நடுவில் எரிபொருள் இல்லாமல் போனதே, அப்போது எந்தக் கடிதமும் செய்யாத வேலையை வெறும் போத்தல் செய்தது. மோட்டார்கள் வாரக்கணக்கில் ஊமையாகக் கிடந்தன. அந்த ஒகஸ்ட்டில் மோட்டாருக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. தேவைக்கு மேல் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் செடிக்கு எவ்வளவு போதும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். சிலர் துண்டின் மேல் மூலையில் குழி வெட்டிப் பொலித்தீன் விரித்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். முறைக்கொப்பி அந்த வருடம் சண்டையில்லாமல் ஓடியதற்கு எங்கள் கெட்டித்தனம் பாதி, மண்ணெண்ணெய் விலை பாதி.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன. 2025 மே 6 வரை தேர்தல் இல்லை, செயலாளர்தான் நிர்வாகம். ரோட்டு அனுமதிக் கொப்பி சபை அலுமாரியில் இருந்தது, ஆனால் மாதா மாதம் அதைப் பார்த்து "இன்றைக்கு உன் முறை இல்லை" என்று சொல்ல ஆள் இல்லை. இதை முதலிலேயே யோசித்து, கலைவதற்கு முன்பே முறைக்கொப்பியின் ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்புக்கு மாற்றியிருந்தோம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு அது. தேர்தல் வந்தாலும் போனாலும் அது கலையாது. கமநல சேவை நிலையத்து அலுவலரும் கூட்டத்துக்கு வருவார், கூட்ட அறிக்கை எழுதப்படும். சபை தொடங்கி வைக்கலாம், ஆனால் வைத்து நடத்துகிறது இப்படியான ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

அதில் முழுதாகத் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. அங்கத்தவராகச் சேரப் போனால் காணிக் கடதாசி கேட்கிறார்கள். கிராமத்தாரிடம் ஏதோ ஒரு காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ இருக்கும். லயத்துக்குப் பின்னால் கம்பனிக் காணியில் தலைமுறையாகத் துண்டு செய்கிறவரிடம் என்ன இருக்கும்? நிர்வாகத்திடமிருந்து "இவர் இந்த மலையில் இவ்வளவு இடத்தில் மரக்கறி செய்கிறார்" என்று ஒரு கடிதம் எடுத்துச் சிலரைச் சேர்த்தோம். துரை மாறினால் அந்தக் கடிதம் செல்லுமா என்று அடுத்த கேள்வி வந்தது. சிலர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். முறையில் அவர்களுக்குத் தண்ணீர் உண்டு, கூட்டத்தில் கையுயர்த்த உரிமை இல்லை. மேலிடத்துக்கு எழுதினால் காணிப் பிரச்சினை வேறு அமைச்சு என்று பதில் வருகிறது.

புதுச் சபையில் நான் இல்லை. எங்கள் பக்கத்துப் புது மெம்பர் தம்பியிடம் கோவையைக் கொடுத்தபோது மூன்று விஷயம் சொன்னேன். ரோட்டுக்கடியில் உள்ள ஹியூம் பைப்பில் மண் அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழை விட்டதும் சுத்தம் பண்ணிவிட வேண்டும். மஞ்சள் தகரங்களில் பாதி துருப்பிடித்துப் போயிருக்கும், இலக்கத்தைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து மாற்ற வேண்டும். பனி விலக்குக் கடிதம் வருடா வருடம் புதுப்பிக்கிறது. நவம்பர் கடைசியில் பழைய கோவை இலக்கத்தைப் போட்டு எழுதினால் நத்தாருக்குள் கைக்கு வரும். ஜனவரியில் எழுதினால் மாசிப் பனியும் முடிந்த பிறகுதான் வரும்.